ஜாடிக்கு இருபது

நாங்கள் அதைக் குருணை என்றுதான் சொல்வோம். இறால் குடும்பத்தில் பிறந்து, வளர மறந்துபோன ஒரு பூச்சி. முதுகு வளைந்து, பக்கவாட்டில் நசுங்கி, உடைந்த அரிசி அளவுக்கு இருக்கும். கடல் மணலுக்குள் குடியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு முழநீளப் பெயர் ஒன்று உண்டு. மேடம் மட்டும்தான் அதைச் சொல்வார், அதுவும் வெளியாட்கள் வந்தால். அந்தக் கூடத்தில் பதினொரு வருடமாக வேன் ஓட்டுகிற எனக்கு அந்தப் பெயர் இன்றுவரை வாயில் நுழையவில்லை.

குருணைக்கு வேலை சாவதுதான். இப்படிச் சொன்னால் மேடத்துக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்வேன். ஒரு துறைமுகத்துச் சேறு விஷமா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சேற்றை ஜாடியில் இரண்டு விரல் கனத்துக்குப் போட்டு, மேலே கடல்நீர் ஊற்றி, ஜாடிக்கு இருபது குருணை விட்டு, பத்து நாள் காத்திருப்பார்கள். சாப்பாடு கிடையாது. விளக்கை அணைப்பது கிடையாது. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி மட்டும் போய்க்கொண்டிருக்கும். பத்து நாளும் ஜாடிக்குள் யாரும் கை வைக்கக் கூடாது, கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதலாம், அவ்வளவுதான். பத்தாம் நாள் சேற்றைச் சலித்து, உயிரோடு இருப்பதை எண்ணுவார்கள். இருபதுக்குக் குறைந்தது பதினாறு இருந்தால் சேறு தேறியது.

எண்ணுகிறவள் என் தங்கச்சி. கூடப்பிறந்தவள் இல்லை. என் தெருவிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள், அன்றையிலிருந்து அவள் புருஷனுக்கு நான் மச்சானாகிவிட்டேன். அதில் எனக்குக் கிடைத்த ஆதாயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் அதோடு சேர்த்து அவன் பரிமாறுகிற கிண்டலும். கூடத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது அவளைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். ஒரே மாதத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளெல்லாம் அவளைச் சல்லடை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றினார்கள்.

அவள் புருஷன் மட்டிச் சிப்பி வாருகிறவன். எங்கள் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரத்தில் பெரிய சேற்றுத் திடல் ஒன்று மேலே வரும். நீண்ட பிடியும் இரும்புப் பற்களும் உள்ள வாருகோலை இழுத்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் அதில் இறங்குவார்கள். அவன் வாரினால் மற்றவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பல் சேற்றில் போகிற சத்தத்தை வைத்தே எங்கே மட்டி, எங்கே வெறும் ஓடு, எங்கே கல் என்று சொல்லிவிடுவான். காது கேட்காமல் போனால் என் பிழைப்பும் போச்சு மச்சான் என்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்கே இருந்த கப்பல் பட்டறையில் சுரண்டிக் கொட்டிய பழைய பெயிண்டெல்லாம் ஒரு பெருமழையில் திடலுக்கு வந்து சேர்ந்தது. மட்டி வாயைத் திறந்துகொண்டு செத்துக் கிடந்தது. திடலைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள், பலகை வைத்தார்கள். அவன் ஆறு மாதம் வீட்டில் இருந்தான். சும்மா இருக்கத் தெரியாதவன் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஆறு மாதத்தில் நான் பார்த்தேன். நன்றாக இருந்த கதவைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். மகளோடு பேசுவதைக் குறைத்தான், பிறகு எல்லாரோடும். கடைசியில் ஒரு தூர்வாரும் கப்பலில் வேலை கிடைத்துப் போனான். வேன் ஏறும்போது, "ஊர்ச் சேறு வேணாம்னு சொல்லிடுச்சு மச்சான். ஊரான் சேத்தை வாரப் போறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

வருடத்துக்கு இருபது நாள் விடுமுறை. மற்ற நாளெல்லாம் போன். போகும்போது ஆறு வயதாக இருந்த மகளுக்கு இப்போது ஒன்பது. அப்பாவின் குரலை அவள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். ஆனால் அவன் நேரில் வந்து நின்றால் முதல் இரண்டு நாள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பேசுவாள். வீட்டு வாசல் மூலையில் அவன் ரப்பர் பூட்ஸ் இரண்டும் தலைகீழாக நிற்கும். தங்கச்சி வாரத்துக்கொரு தடவை அதற்குள் துணியை விட்டுத் துடைத்து மறுபடி கவிழ்த்துவைப்பாள். உள்ளே பூச்சி அடைந்துவிடுமாம். எந்தப் பூச்சியும் அதில் அடைந்து நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் மழை முடிந்ததும், திடல் தேறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லி எங்கள் கூடத்துக்கு உத்தரவு வந்தது. அதே மாதம் அவனுக்கும் ஒரு தாள் வந்தது. கப்பல் தூரக்கடலுக்குப் போகிறது, போனால் மூன்று வருடம், நடுவில் விடுமுறை கிடையாது. வருகிறவர்கள் இந்தத் தேதி சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். திடல் திறக்கும் என்றால் வந்துவிடுகிறேன் என்றான் அவன். திறக்காது என்றால் மறுபடி கதவைக் கழற்றி மாட்டிக்கொண்டு என்னால் உட்கார முடியாது என்றான். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் தேதியில் இருந்தது. குருணையைப் பிடித்து வந்து மூன்று நாள் பழக்கி, வெள்ளிக்கிழமைதான் ஜாடியில் விட முடிந்தது. பத்தாம் நாள் திங்கட்கிழமை வருகிறது. கையெழுத்து எட்டாம் நாள். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவன் கேட்டதற்கு, கப்பலின் மேஸ்திரி பூச்சிக்காகக் கப்பலை நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்டாராம்.

மேடத்துக்கு விஷயம் தெரியும். தங்கச்சியைக் கூப்பிட்டு, "உங்க வீட்டு விஷயம் இதுல இருக்கு. இந்த ஒரு தடவை வேற ஆளை எண்ணச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் சாவி கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றேன்.

"வேணாம் மேடம். எனக்கு வேணுங்கிற மாதிரி நான் எண்ண மாட்டேன்" என்றாள் தங்கச்சி.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாக்கை அவள் காப்பாற்றத்தான் செய்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

குருணை பிடிக்கப் போவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆளில்லாத சுத்தமான கடற்கரை. அவள் முழங்கால் தண்ணீரில் நின்று மணலை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டுவாள். மணல் இறங்கிப் போக, குருணை மேலே துள்ளும். அகலவாய்க் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பாள். வயிற்றில் முட்டை தெரிந்தால் திரும்ப விட்டுவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் விதிவிலக்கா, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் கப்பல் இருக்கே அண்ணே" என்றாள். ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பும் வழியில் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். அவள் பாதி ரொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, இந்தத் தடவை மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தாள்.

திடலில் சேறு எடுக்கப் போனபோதும் நான்தான் கூடப் போனேன். கம்பியைத் தாண்டி உள்ளே இறங்கியதும் முழங்கால்வரை போய்விட்டாள். வாளி நிறைந்த பிறகும் மேலே ஏற மனசு வராமல் நின்றாள். நான் ஹாரன் அடித்தேன்.

மொத்தம் பதினைந்து ஜாடி. ஐந்தில் எங்கள் திடல், ஐந்தில் வேறொரு துறைமுகத்துச் சேறு, ஐந்தில் ஒப்புப் பார்க்கக் குருணையின் சொந்த மணல். எதில் எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மேடம் வெறும் நம்பர் மட்டும் ஒட்டிப் பட்டியலை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து வருடம் புருஷன் காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றியவளுக்கு அவன் காலில் ஒட்டிய சேறு தெரியாதா? எங்கள் திடலின் சேற்றில் மட்டி ஓட்டின் தூள் கலந்திருக்கும். வெளிச்சத்தில் மினுங்கும். மூன்று, நான்கு, எட்டு, பதினொன்று, பதினான்கு. முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வரைக்கும் ஒன்றுமில்லை. சேற்றின் மேல் பொட்டுப் பொட்டாகத் துளை, அவ்வளவுதான். உள்ளே போய்க் குடியேறிவிட்டன என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆறாம் நாள் எட்டாம் ஜாடியில் சேற்றின் மேல் இரண்டு கிடந்தது. ஏழாம் நாள் காலையில் ஐந்து ஜாடியிலும் கிடந்தது. அது வெள்ளிக்கிழமை. நான் தண்ணீர்க் கேனை இறக்கிவைக்கப் போனபோது அவள் எட்டாம் ஜாடிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். சேற்று நிறத்தில், வளைந்த முதுகோடு, காலெல்லாம் அப்படியே இருக்க, ஒன்பதோ பத்தோ கிடந்தது.

"சட்டை உரிச்சதா இருக்குமோன்னு பார்க்கிறேன்" என்றாள். "உரிச்ச சட்டைன்னா கண்ணாடி மாதிரி இருக்கணும். இது உடம்பு மாதிரி இருக்கே."

குருணை வளரும்போது மேல்தோலைச் சட்டைபோல முழுசாகக் கழற்றிப் போட்டுவிடும். காலும் மீசையும்கூட அதில் இருக்கும். இது கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா?

"உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள்.

நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மேடத்தைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

"அசையலையே" என்றேன்.

அவள் எழுந்தாள். தாளை எடுத்து எழுதினாள், கையைக் கழுவினாள். மத்தியானம் வேனுக்கு வந்து உட்கார்ந்து, அண்ணே, ஒரு போன் பேசிக்கிறேன் என்றாள். நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். நடுவில் முடிவைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. அவளுக்கு அதை மீறி ஒரு பழக்கமும் இல்லாததால் நான் அசந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான். பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கா. ... ஆமா, பார்த்தேன். ... இல்லப்பா, இல்லை. பாதி போயிடுச்சு. ... ஐஞ்சுலயும்தான். ... என் ஆசைக்குப் பார்த்தா அது சட்டைன்னு தோணுது. ஆசைக்குப் பார்க்கக் கூடாதுல்ல? என்னை நம்பி வந்து மறுபடி ஆறு மாசம் நீ அந்தக் கதவைக் கழட்டி மாட்டுறதை என்னால பார்க்க முடியாது. ... நீ போட்டுடு. கையெழுத்தைப் போட்டுடு."

பிறகு நெடுநேரம் அவன் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, சரி என்றாள். போனை வைத்த பிறகு, மகளுக்கு வாங்கிய பேனாவை வேனிலேயே விட்டுவிட்டோமா என்று சீட்டுக்கு அடியில் தேடினாள். அப்படி ஒரு பேனா வாங்கவே இல்லை.

சனிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை சலித்தார்கள். அவளோடு மேடமும் உட்கார்ந்தார். நான் கண்ணாடியோடு போய் ஓரமாக நின்றேன். ஒவ்வொரு ஜாடியாகச் சல்லடையில் கவிழ்த்து மெல்லத் தண்ணீர் விட்டாள். மூன்றாம் ஜாடி. சேறு இறங்கிப் போக, சல்லடைமேல் ஒன்று துள்ளியது. இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி துள்ளல். வெள்ளைத் தட்டில் விட்டு ஒவ்வொன்றாக உறிஞ்சினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"பத்தொன்பது" என்றாள்.

நான்காம் ஜாடி பத்தொன்பது. எட்டில் இருபது. எட்டாம் ஜாடியில்தான் அன்றைக்கு நாங்கள் குனிந்து பார்த்தோம். பதினொன்றில் இருபது. பதினான்கில் பதினெட்டு. மேடம் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த அந்தச் சேற்று நிற உடம்பு ஒன்றை ஊசியால் எடுத்துச் சுத்தத் தண்ணீரில் அலசினார். பூச்சு கரைந்தது. கண்ணாடியாக ஒரு சட்டை மிதந்தது, உள்ளே யாருமில்லை.

"நம்ம சேறு நைஸ் சேறு. மேல ஒட்டிக்கிட்டு உடம்பு மாதிரியே காட்டிடுச்சு" என்றார் மேடம். பிறகு மகிழ்ச்சியாக, "இத்தனை சட்டை உரிச்சிருக்குன்னா என்ன அர்த்தம்? உள்ள நல்லா இருந்திருக்கு, வளர்ந்திருக்கு. சுத்த மணல்லகூட இவ்வளவு உரிக்கலை. வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கம்மா" என்றார்.

தங்கச்சி எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட்டாள், போன் பேசியது உட்பட. மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஏழாம் நாள் தாளைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார். எட்டாம் ஜாடிக்கு நேரே அவள் கையெழுத்தில், மேலே ஒன்பது, உடலா சட்டையா சந்தேகம், என்று இருந்தது. ஐந்து ஜாடிக்கும் அப்படியே. தாளில் சந்தேகம் என்று எழுதிய அதே கையால்தான் வேனில் வந்து போனை எடுத்திருக்கிறாள்.

"இங்க சந்தேகம்னு எழுதத் தெரிஞ்சுதே" என்றார் மேடம்.

"தாளுக்கு எழுதிடலாம் மேடம்" என்றாள். "அவர்கிட்ட சந்தேகம்னு சொன்னா, அவர் வந்துடுவார்."

மேடம் தாளை மூடிவைத்தார். மற்ற ஜாடிகளை வேறொரு பெண் சலித்தாள். அந்த இன்னொரு துறைமுகத்துச் சேற்றில் ஏழும் எட்டும்தான் மிஞ்சியது. அங்கே யாராவது யாருக்காவது காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

எண்ணி முடித்தபின் ஒரு வேலை பாக்கி உண்டு. பிழைத்ததைச் சுத்த மணலில் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே புதைந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிர் இருந்தாலும் குடியிருக்கத் தெம்பு இருக்கிறதா என்பதற்கு அது அடையாளம். வீட்டுக்குப் போகச் சொல்லியும் தங்கச்சி அதை நானே பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். விட்டதுமே தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் போயின. கால் மணி நேரத்தில் தொண்ணூற்றைந்து போய்விட்டன. ஒன்று மட்டும் கண்ணாடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மணி நேரம் ஆனது, தாளில் எழுதியாயிற்று, எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலும் இருபது நிமிஷம் கழித்துத்தான் அது உள்ளே போனது. விதிப்படி அது கணக்கில் சேராது.

சாயங்காலம் அவனுக்குச் சொன்னாள். நான் அப்போது அங்கே இல்லை. பிறகு அவள்தான் சொன்னாள். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டானாம். தொண்ணூற்றாறு என்றாளாம். அப்ப நம்ம ஆளுங்க எல்லாரும் எறங்கலாம் என்றானாம். குரலில் சந்தோஷம்தான் இருந்தது அண்ணே, அதுதான் தாங்கலை என்று சொல்லிவிட்டு அழுதாள். அசையவில்லை என்று சொன்னது நான்தானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நீங்க கண்ணாடி போடலைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் உங்களைக் கேட்டேன் என்றாள்.

கம்பியை அவிழ்த்துத் திடலைத் திறக்க இரண்டு மாதம் ஆயிற்று. திறந்த நாள் காலையில் நல்ல வற்று. வெளியூர் போயிருந்தவர்களில் பாதிப்பேர் திரும்பியிருந்தார்கள். தேங்கிய நீரில் மேகம் தெரிந்தது. குளிர் காதைக் கடித்தது. கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கச்சியும் வந்திருந்தாள், தோளில் அவன் வாருகோல், காலில் அவன் பூட்ஸ். பூட்ஸ் முன்பக்கத்தில் பழைய செய்தித்தாளை அடைத்திருந்தாள். பார்த்தவர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அவள் பத்துத் தடவை இழுப்பதற்குள் என் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறதாம், இன்று சிக்னல் இருக்கிறதாம்.

"மச்சான், திறந்துட்டாங்களா?"

"திறந்தாச்சு மாப்பிள்ளை. நான் இப்பத் திடல்லதான் நிக்கிறேன்."

"அது என்ன சத்தம்?"

"வாருறாங்க."

"யாரு அது? இப்படி மொட்டையா இழுக்குறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் சேறு. நான் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவள் பக்கம் நீட்டினேன்.

"நான்தான்" என்றாள்.

மறுபடி வாருகோலை ஒரு தடவை இழுத்தாள்.

"பிடியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்றான். "பல்லு ரொம்ப ஆழமா போகுது. முதுகு போயிடும்."

சாய்த்து இழுத்தாள். எனக்கே வித்தியாசம் கேட்டது. கரகரவென்று இருந்தது, சரசரவென்று ஆயிற்று.

"இன்னும் கொஞ்சம். ... ம். அதான். மட்டி இருக்கு அங்க."

குனிந்து கையை விட்டாள். இருந்தது.

"மச்சான்" என்றான். "போனை வெச்சிடாதீங்க. கீழ பிடிங்க, மண்ணுகிட்ட. அவ பாட்டுக்கு வாரட்டும்."

ஒரு கையால் அவள் கொண்டுவந்த வாளியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனைச் சேற்றுக்கு ஒரு சாண் மேலே பிடித்தபடி அவள் பின்னால் குனிந்து நடந்தேன். அவள் இழுத்துக்கொண்டே போனாள். நீர் ஏறி என் கணுக்காலைத் தொடும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.